பாதியில் இருக்கும் புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்காக வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்ட நண்பர், "நீங்கள் படித்து முடித்ததில் பிடித்த ஒரு நூலைப் பற்றிப் பேசுங்கள் சார்" என்றார். "முடிக்காததைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்துவிட்டு, "சரி, பேசுங்கள்" என்றார்.

நான் கிளை நூலகங்களில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெரியும். வருகிறவர்களில் புத்தகத்தை முடித்தவர் அதை மேஜைமேல் வைத்து, "நல்லா இருந்தது சார்" என்பார். அதோடு சரி, அடுத்த புத்தகம் தேடப் போய்விடுவார். முடிக்காதவர்தான் நின்று பேசுவார். தவணையை நீட்டித்துக்கொள்ள வந்திருப்பார், விரல் இன்னும் அந்தப் பக்கத்துக்குள் இருக்கும். "சார், இந்தப் பொண்ணு அவனை நம்பிப் போறாளே, இது சரியா வருமா?" பக்கத்தில் நிற்பவர் அந்தக் கதையை ஏற்கெனவே படித்தவராக இருப்பார். சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் அவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே!

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், பென்சிலால் எழுதிவிடுவார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி. கண்ணில் பட்டால் ரப்பர் போட்டு அழிப்பது என் வேலை. அழித்தேன். ஆனால் படித்துவிட்டுத்தான் அழித்தேன். ஒரு துப்பறியும் நாவலில், தொடக்கத்திலேயே ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, "இவன்தான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே வேறு கையெழுத்தில், "இவன் இல்லை, ஏமாறாதீர்கள்." அதற்கும் கீழே மூன்றாவது ஆள்: "இரண்டு பேரும் சும்மா இருங்கள், படிக்க விடுங்கள்." அந்தப் பக்கத்தை மட்டும் நான் அழிக்கவில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் கண்ணிலும் அது படவில்லை.

எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய புதையல் ஒரு பைண்டுத் தொகுப்பு. வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைப் பத்திரிகையிலிருந்து கிழித்து எடுத்து, ஊசி நூலால் தைத்து, காலிகோத் துணியை அட்டையில் ஒட்டி வைப்பது அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த காரியம். வீடு காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்தார் ஒரு சாக்குப் பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் 'பொன்னியின் செல்வன்' முழுவதும் இருந்தது, மணியம் படங்களோடு. 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 மே மாதம் வரை 'கல்கி'யில் வந்த கதை. மூன்றரை வருஷம்! அந்த வீட்டுப் பாட்டி ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் இரண்டு வரி எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்ற ஆரூடம் அது. முக்கால்வாசி தப்பு. ஆனால் படிக்கப் படிக்கச் சுவை. நந்தினியைப் பற்றி ஒரு வாரம், "பாவம், இவளை யாரும் புரிந்துகொள்ளவில்லை." மறுவாரம், "சாகசக்காரி. நம்பவே கூடாது." இன்னும் சில வாரம் போனபின், "என்னவோ போ" என்று மட்டும். பழுவேட்டரையர் மேல் அவருக்குக் கடைசிவரை இரக்கம் போகவில்லை.

இன்று ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். முடித்துவிட்டு, "நந்தினி ஒரு சிக்கலான பாத்திரம்" என்கிறார்கள். அது சரிதான். ஆனால் அந்தப் பாட்டி வாரம் ஒரு தரம் அவளோடு சண்டை போட்டு, வாரம் ஒரு தரம் சமாதானம் ஆனாரே, அந்தச் சிக்கல் இந்த ஒரு வாக்கியத்தில் எங்கே வருகிறது? புத்தகம் நம்மை ஏமாற்றுவதும் தேற்றுவதும் நடுவழியில்தான். முடித்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டு, முதலிலிருந்தே எல்லாம் தெரிந்தவர்போல் பேச ஆரம்பித்துவிடுகிறோம். நானும்தான்.

கல்கிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கதை முடிந்தபோது, சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்றும் கேட்டார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லத் தனியாக ஒரு முடிவுரையே எழுதினார். அந்த வருஷம் டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். பாட்டியின் பைண்டில் அந்த முடிவுரைப் பக்கமும் இருந்தது. அதன் அடியில் மட்டும் அவர் எதுவும் எழுதவில்லை.

வாசகர் பேச்சு ஒரு நாவலையே பிறப்பித்த கதையும் நம்மிடம் உண்டு. 1966-இல் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறி, சீரழிந்து வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் அவள் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். எந்த அம்மா அப்படிச் செய்வாள் என்று ஒரு பெரிய வாக்குவாதம். சரி, வேறு மாதிரி அம்மாவாக இருந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. முதலில் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்தது. 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. அந்த நாவலின் கதாநாயகி கங்காவே அதற்குள் 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதையைப் படிக்கிறாள்! வாசகர்களோடு ஓர் எழுத்தாளர் இவ்வளவு அழகாக வம்பு பண்ணி நான் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது. 1857 கலகத்தை வைத்துச் சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' சில வாரங்களிலேயே எதிர்ப்பு வந்து நின்றுபோனது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு பெயரில் எழுதினார். பாதியில் கருத்துச் சொல்வது ஒன்று. பாதியிலேயே வாயை அடைப்பது வேறு. அதைக் கருத்து என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தது. மாதம் ஒரு கூட்டம். முடித்த புத்தகத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வந்து வாசிப்பார்கள். "ஆசிரியர் மிக அழகாகச் சித்தரித்துள்ளார்" என்ற வாக்கியம் வராத கட்டுரை கிடையாது. பின்வரிசையில் கொட்டாவி. ஒரு மாதம் நான் விதியை மாற்றினேன். படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசலாம், முடித்திருந்தால் மேடை கிடையாது. காகிதம் கையில் இருக்கக் கூடாது. வழக்கமாகப் பேசுகிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் இத்தனை நாள் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரர் எழுந்தார். "நூத்தி இருபதாம் பக்கத்துல நிக்கிறேன். இவன் வீட்டை விட்டு ஓடினது எனக்குப் பிடிக்கல. நானும் பதினஞ்சு வயசுல ஓடினவன்தான்" என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் யாரும் அசையவில்லை. புத்தகத்தைப் பற்றிப் பேசினாரா, தன்னைப் பற்றிப் பேசினாரா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாதம் பழையபடி கட்டுரைதான். விதி யாருக்கும் பிடிக்கவில்லை. தையல்காரரும் அந்தப் புத்தகத்தை முடிக்காமலே திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு என் கணக்கைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. நான் இப்போது படிப்பது தி. ஜானகிராமனின் 'மோகமுள்', மூன்றாவது தடவை. கும்பகோணத்தில் பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறான். நான்கு நாளாக அந்த இடத்திலேயே நிற்கிறேன். பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை. ஏன் என்று படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களிடம் சொல்ல மாட்டேன்.

வணக்கம்.