மாணவரின் தகவல் அறிதிறனை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

[காட்சி: உருமாறிய டெய்சிப் பூக்கள்]

வணக்கம். கண்ணில் படும் தகவல் நம்பத்தக்கதா என்று ஆராய்ந்து முடிவெடுக்கும் திறனே தகவல் அறிதிறன். ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தால் பூக்களுக்கு நேர்ந்த பிறவிக் குறைபாடு என்ற குறிப்புடன் இத்தகைய படம் ஒன்றை 2015ஆம் ஆண்டு ஒருவர் இணையத்தில் பதிவேற்றினார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு வரலாற்றுக் கல்விக் குழுவினர் அந்தப் பதிவை 170 உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டி, அணு உலையைச் சுற்றியுள்ள நிலைமைக்கு இது வலுவான சான்றாகுமா என்று கேட்டு, காரணத்தையும் எழுதச் சொன்னார்கள்.

ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வலுவான சான்றுதான் என்றனர். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மறுத்தவர்களின் விடை. படத்தில் பூக்கள் மட்டுமே உள்ளன, விலங்குகளோ பிற செடிகளோ இல்லை, ஆகவே சான்று போதாது என்று மொத்த மாணவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் எழுதியிருந்தார்கள். படத்தை எடுத்தவர் யார், எடுத்த இடம் எது என்ற ஐயம் அந்த விடைகளில் எழவே இல்லை. ஆம் அல்லது இல்லை என்று குறிக்கும் வினாவாக இருந்திருந்தால், இவர்கள் அனைவரும் முழு மதிப்பெண் பெற்றிருப்பார்கள். ஆசிரியருக்கும் குறை தெரிந்திருக்காது.

[காட்சி: ஒரு மாணவியின் விடைத்தாள்]

எனவே மதிப்பெண் காரணத்துக்கே உரியது. படத்தை அப்படியே நம்பிய விடை தொடக்க நிலை. ஐயுற்றும் மூலத்தை விசாரிக்காத விடை வளரும் நிலை. பதிவிட்டவரையும் இடத்தையும் கேள்விக்குள்ளாக்கிய விடை தேர்ச்சி நிலை. இந்த மூன்று படிகளே போதும். நாற்பது விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியருக்கு நீண்ட அட்டவணை சுமையாகிவிடும்.

தாளில் காட்டும் காரணம் ஒரு பாதிதான். அதே குழு பின்னர் 3,446 மாணவர்களிடம், அமெரிக்கத் தேர்தல் மோசடி என்று பரப்பப்பட்ட காணொளி ஒன்றைக் கொடுத்து, இணையத்தில் தேடவும் அனுமதித்தது. அக்காட்சிகள் உண்மையில் ரஷ்யாவில் பதிவானவை. அதைத் தேடிக் கண்டறிந்தவர்கள் மூவர் மட்டுமே. தேடல் கையெட்டும் தொலைவில் இருந்தும் பெரும்பாலோர் காணொளியை விட்டு வெளியே செல்லவில்லை என்பது மிகுந்த கவலைக்குரியது.

ஆகையால், வசதியுள்ள வகுப்பில் இணையத்தைத் திறந்துவைத்தே மதிப்பிடுங்கள். எந்தப் பக்கங்களைத் திறந்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்பதை விடையுடன் இரண்டு வரிகளில் எழுதச் சொல்லுங்கள். மாணவர்கள் முன்பே அறிந்த செய்தியைக் கொடுத்தால் அவர்களின் பாட அறிவுதான் வெளிப்படும் என்பதால், முற்றிலும் புதிய பதிவையே தேர்ந்தெடுங்கள். சில வாரங்கள் கழித்து வேறொரு பதிவை அதே மூன்று படிகளால் திருத்திப் பார்க்கும்போது, யார் எந்தப் படியிலேயே தங்கிவிட்டார் என்பது பெயருடன் உங்கள் கையில் இருக்கும்.