பாதியில் நிற்கும் கத்தி

கேரம் ஆடியவர்களுக்குப் போரான் புதிதல்ல. பலகையில் தூவுவோமே வெள்ளைப் பவுடர், அது பெரும்பாலும் போரிக் அமிலம்தான். நடுவில் ஒரு போரான், சுற்றி மூன்று ஓஹெச் தொகுதிகள். அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு கார்பனை மாட்டினால் போரோனிக் அமிலம். இந்த வகையில் முதல் சேர்மத்தை வேதியியலாளர் ஃபிராங்க்லேண்ட் 1860-லேயே செய்துவிட்டார். அது என்சைமை, அதாவது உயிர்களில் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதத்தை, என்ன பாடுபடுத்தும் என்று தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

நம் குடலில் புரதத்தை வெட்டும் என்சைமான கைமோட்ரிப்சினை எடுத்துக்கொள்வோம். அதன் கத்தி, அமினோ அமிலச் சங்கிலியில் 195-ஆம் இடத்தில் இருக்கும் செரீன் என்ற அமினோ அமிலம். பக்கத்திலுள்ள இன்னொரு அமினோ அமிலமான ஹிஸ்டிடின் செரீனின் புரோட்டானை வாங்கிக்கொள்ள, செரீனின் ஆக்சிஜன் புரதத்தின் கார்பன்மேல் பாய்கிறது. இப்போது என் கையைப் பாருங்கள். மூன்று விரலைத் தட்டையாக விரித்திருக்கிறேன். கார்பன் முதலில் இப்படித்தான் இருக்கும். மேலிருந்து ஆக்சிஜன் வந்து ஒட்டியதும் மூன்றும் கீழே வளைந்து முக்காலிபோல் ஆகிவிடும். நான்கு பிணைப்பு, கூடவே ஓர் எதிர்மின்சுமை. கண் இமைப்பதற்குள் பிணைப்பு அறுந்து புரதம் இரண்டு துண்டாகிவிடும். ஆனால் என்சைமின் குழிவு இந்த ஒரு கணத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. வந்த புரதத்தையும் போகிற துண்டையும்விட, இந்த இடைநிலையைத்தான் அது இறுகப் பிடிக்கும்.

சரி, போரான்? அதுவும் மூன்று கையோடு தட்டையாகத்தான் வருகிறது. வெளிக்கூட்டில் ஆறே எலக்ட்ரான், இன்னும் இரண்டுக்கு இடம் காலி. செரீனின் ஆக்சிஜன் தன்னிடமுள்ள ஜோடியைக் கொடுக்க, போரானும் முக்காலியாகிறது, எதிர்மின்சுமையும் வந்துவிடுகிறது. என்சைம் ஏமாந்து இறுகப் பிடிக்கிறது. அப்புறம் அறுந்துபோக அங்கே ஒன்றும் இல்லை! 1971-இல் கோலர், லீன்ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் கைமோட்ரிப்சினை வைத்து இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள்.

பெனிசிலின் வகை மருந்துகளை உடைக்கும் பாக்டீரியா என்சைம்கள் பலவற்றிலும் கத்தி இதே செரீன்தான். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வேபோர்பாக்டம் என்ற போரான் மருந்து அந்தச் செரீனைப் பிடித்துக்கொள்ள, கூடவே கொடுக்கும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் உடையாமல் பிழைக்கிறது. இதே மருந்துகளை உடைக்கும் என்டிஎம் போன்ற பாக்டீரியா என்சைம்களிடம் இந்த வித்தை பலிக்காது. அங்கே வெட்டுவது செரீன் இல்லை, துத்தநாகம்.

மருந்தைவிட எனக்குப் பிடித்தது துணி துவைக்கும் திரவம். அதில் கறை வெட்டும் சப்டிலிசினும் செரீன் என்சைம்தான். சும்மா விட்டால் பாட்டிலுக்குள்ளேயே ஒன்றையொன்று வெட்டித் தீர்த்துவிடும். அதனால் சில திரவங்களில் போரான் சேர்மம் கலக்கிறார்கள். செரீனோடு போரானுக்கு உள்ள பிணைப்பு கழலக்கூடியது. பாட்டிலில் செறிவு அதிகம், அதனால் பிடி விடாது. ஒரு மூடி எடுத்து வாளித் தண்ணீரில் ஊற்றுங்கள். செறிவு குறைந்ததும் போரான் கழன்றுகொள்கிறது, சப்டிலிசின் சட்டையில் காய்ந்துபோன முட்டைக் கறையை வெட்ட ஆரம்பிக்கிறது.