ரெண்டு ரூம்ல ஆரம்பிச்ச காலேஜ்

நடுவர் அய்யாவுக்கும், எதிரணில உக்காந்திருக்கற அண்ணன்களுக்கும், வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். மண்ணை இழந்த சிந்தி மக்களை நிமிர வெச்சது வியாபாரமா, இல்ல படிப்பும் பக்தியுமா, இதான் இன்னைக்கு கேள்வி. நான் படிப்பும் பக்தியும்னு சொல்ல வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ரொம்ப அழகா பேசினாரு, அகதி கேம்ப்ல அப்பளம் உருட்டி ரயில்ல வித்து முன்னுக்கு வந்தாங்க, "சேட்டுன்னா வியாபாரம், வியாபாரம்னா சேட்டு"ன்னு முடிச்சாரு, கைதட்டலும் வாங்கினாரு. அந்த வார்த்தைலயே எனக்கு வருத்தம் அண்ணே. மார்வாடி, குஜராத்தி, சிந்தி எல்லாரையும் நம்ம ஊர்ல சேட்டுன்னு ஒரே மூட்டையா கட்டிடறோம், அவங்க யாரு எங்கேந்து வந்தாங்கன்னு கேக்கறதே இல்ல.

1947ல பஞ்சாப் ரெண்டா பிரிஞ்சுது, வங்காளம் ரெண்டா பிரிஞ்சுது, அங்கேந்து வந்தவங்களுக்கு இந்தப் பக்கம் பாதி மாநிலமாவது இருந்துச்சு, அதே பாஷை அதே சாப்பாடு. சிந்து மாகாணம் பிரியல, முழுசா பாகிஸ்தான் பக்கம் போயிடுச்சு. 48 ஜனவரில கராச்சில கலவரம் வந்ததும், அதுவரைக்கும் போகலாமா வேணாமான்னு தயங்கிட்டு இருந்தவங்களும் கப்பல் ஏறிட்டாங்க, பத்து லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, அவங்களுக்குன்னு இங்க ஒரு ஜில்லா கூட கிடையாது. இன்னைக்கும் ஒரு நூறு ரூபா நோட்டை எடுத்து பின்பக்கம் பாருங்க, அந்த மொழிப் பட்டியல்ல தமிழ் இருக்கும், சிந்தி இருக்காது. 1967லயே அரசியலமைப்புச் சட்டத்துல மொழிகளுக்கான எட்டாவது அட்டவணைல சேத்தாச்சு, நோட்டுல மட்டும் இன்னும் இடமில்ல.

பம்பாய் பக்கத்துல கல்யாண்ல மிலிட்டரி பாரக்ஸ் காலியா கிடந்துச்சு, அங்க கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரை கொண்டு வந்து விட்டாங்க. 1949 ஆகஸ்ட்ல கவர்னர் ஜெனரலா இருந்த நம்ம ராஜாஜி போய் அடிக்கல் நாட்டினாரு, அதுதான் உல்லாஸ்நகர். இப்பவும் அந்த ஊர்ல ஏரியாவ கேம்ப் ஒண்ணு, கேம்ப் ரெண்டுன்னு தான் சொல்றாங்க. அப்பளம் வித்தது உண்மை அண்ணே, நான் மறுக்கல. வயித்துக்கு அப்பளம் வித்தாங்க. ஆனா அதே நேரத்துல வேற என்ன செஞ்சாங்க, அதை நீங்க சொல்லல.

கராச்சில 1887லேந்து டி.ஜே. சிந்து காலேஜ்னு ஒண்ணு இருந்துச்சு. அந்த காலேஜ் வாத்தியாருங்க அகதியா பம்பாய் வந்து எறங்கினாங்க, 1948லயே, வந்த சூட்டோட, ஒரு ஸ்கூல்ல ரெண்டு ரூம் வாங்கி காலேஜ் ஆரம்பிச்சாங்க. ஜெய் ஹிந்த் காலேஜ், இன்னைக்கு மும்பைல சீட் கிடைக்க பசங்க தவம் கிடக்கற இடம். வீடு இல்ல, ரேஷன் கார்டுக்கு அலையறாங்க, பொண்டாட்டி புள்ளைங்க எந்த கேம்ப்லயோ இருக்காங்க, அந்த மனுஷனுக்கு மொத வேலை ப்ளாக்போர்டு மாட்டறதுன்னா அது வியாபார புத்தியா நடுவர் அய்யா?

இன்னொன்னு சொல்றேன். சிந்துல ஒரு ஹைதராபாத் இருக்கு, சார்மினார் இருக்கற ஹைதராபாத் இல்ல, இது வேற. அங்க தயாராம் கிடுமல்னு ஒரு ஜட்ஜ், பெரிய சீர்திருத்தவாதி, அவர் பேர்ல ஒரு நேஷனல் காலேஜ் இருந்துச்சு. அதோட பிரின்சிபால் குந்தனானி பிரிவினைக்கப்புறம் பம்பாய் வந்து, பாரிஸ்டர் ஹோத்சந்த் அத்வானியோட சேர்ந்து 1949ல பாந்த்ராவுல திரும்ப காலேஜ் கட்டினாரு. அதுக்கு என்ன பேர்? ரிஷி தயாராம் நேஷனல் காலேஜ். கட்டடத்த தூக்கிட்டு வர முடியாது, பேரை தூக்கிட்டு வந்துட்டாங்க.

இப்ப அண்ணன் கேப்பாரு, காசு யாரு குடுத்தா, வியாபாரி தானேன்னு. ஆமா வியாபாரி தான், அதுக்கும் பதில் இருக்கு. ஹைதராபாத் சிந்திங்கள்ல ரெண்டு கூட்டம், ஆமில்னு படிச்சு சர்க்கார் உத்தியோகம் பாத்தவங்க, பாய்பந்த்னு கப்பலேறி ஊர் ஊரா வியாபாரம் பண்ணவங்க. ஊர்ல இருந்தப்போ இவங்களுக்குள்ள ஒரு உயர்வு தாழ்வு, பொண்ணு குடுத்து எடுக்கறதுல கூட யோசனை. இங்க வந்தப்புறம் பாய்பந்த் பணத்த நீட்டினாரு, ஆமில் வாத்தியார் க்ளாஸ் எடுத்தாரு. 54ல ஆரம்பிச்ச கே.சி. காலேஜ், அது கிஷின்சந்த் செல்லாராம்ங்கற வியாபாரக் குடும்பத்துப் பேரு. அவங்க என்ன வித்தாங்க எவ்ளோ லாபம் பாத்தாங்கன்னு இங்க எத்தனை பேருக்கு தெரியும்? காலேஜ் பேரு மும்பை முழுக்க தெரியும். வியாபாரி கூட தன் பேரு கல்லாவுல இருக்கறத விட காலேஜ் வாசல்ல இருக்கணும்னு நெனச்ச சமூகம் அண்ணே அது.

பொண்ணுங்கள விட்டுட முடியாது. சாது வாஸ்வானி பெரிய படிப்பு படிச்சவர், காலேஜ் பிரின்சிபாலா இருந்தவர், அதையெல்லாம் விட்டுட்டு சாதுவானாரு. சாதுவானவர் 1933ல ஹைதராபாத் சிந்துல என்ன ஆரம்பிச்சாரு தெரியுமா, பொண்ணுங்களுக்கு ஸ்கூல்! பேரு செயின்ட் மீரா, நம்ம மீராபாய் தான். பிரிவினைல அதையும் விட்டுட்டு வந்து பூனாவுல மறுபடி ஆரம்பிச்சாரு, 62ல பெண்கள் காலேஜும் வந்துச்சு. பக்தி வேற படிப்பு வேறன்னு பிரிக்கவே முடியாதுங்கறதுக்கு இத விட எனக்கு சாட்சி வேணாம்.

பக்தின்னதும் ஜூலேலால், அவர்தான் சிந்திங்களோட சாமி. சிந்துல தட்டாங்கற ஊர்ல மிர்க்ஷான்னு ஒரு ராஜா எல்லாரையும் மதம் மாறச் சொன்னப்போ ஜனங்க சிந்து ஆத்தங்கரைல நாப்பது நாள் விரதம் இருந்தாங்க, வருண பகவானே நசர்பூர்ல குழந்தையா பொறந்தாருன்னு ஐதீகம். ஆத்த நம்பின மதம் அது, அந்த ஆறே போயிடுச்சு. மாவுல விளக்கேத்தி, பஹ்ரானாங்கற பூஜைத் தட்டை எடுத்துட்டு கடலோ குளமோ எந்த தண்ணி இருக்கோ அங்க போய் விட்டாங்க. எங்க தண்ணி இருக்கோ அங்க சாமி இருக்காருன்னு மாத்திக்கிட்டாங்களே, அந்த மனசு எந்த கடைலயும் கிடைக்காது. அதுவும் சிந்துல உதேரோலால் ஊர்ல இருக்கற அவரோட சன்னதில இந்துவும் கும்பிடறாங்க முஸ்லிமும் கும்பிடறாங்க. அந்த பழக்கம் மெட்ராஸ் வரைக்கும் வந்திருக்கு. மயிலாப்பூர்ல ராதாகிருஷ்ணன் சாலைல சூஃபிதார்னு ஒரு கோயில், தாதா ரத்தன்சந்த் சிந்துலேந்து அகதியா வந்தவர், அவர் ஆரம்பிச்சது. ரம்ஜான் மாசம் முழுக்க அங்கேந்து தான் திருவல்லிக்கேணி பெரிய மசூதிக்கு நோன்பு திறக்க சாப்பாடு போகுது, நாப்பது வருஷத்துக்கும் மேலா, தொண்டர்களே கொண்டு போய் பரிமாறறாங்க. எந்த மதத்து பேரைச் சொல்லி ஊரை விட்டு வெரட்டினாங்களோ அந்த மதத்து நோன்புக்கு. இதுல என்ன லாபம் பாத்தாங்க சொல்லுங்க.

கடைசியா அண்ணன் கேட்ட ஒரு கேள்வி நிஜமாவே வலிக்கற கேள்வி. "இங்கிலீஷ்ல படிச்சு படிச்சு பாஷைய விட்டுட்டாங்களே, இதா படிப்பு காப்பாத்தினது"ன்னு. உண்மை தான். சிந்திய அரபி எழுத்துல எழுதறதா, ஹிந்தி எழுதற தேவநாகரிலயான்னு பல வருஷம் சண்டை போட்டாங்க, அதுக்குள்ள ஒரு தலைமுறை ரெண்டுமே தெரியாம வளந்துடுச்சு. எங்க தெருவுல ஒரு சிந்தி பாட்டி இருக்காங்க, யாரு போனாலும் மொதல்ல சுட்ட அப்பளமும் தண்ணியும் தான், அப்புறம் தான் பேச்சு. பாட்டி ஒரு பழைய நோட்டுல ஜூலேலால் பாட்டெல்லாம் வலதுலேந்து இடமா எழுதி வெச்சிருக்காங்க, பேத்திக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. போன சேட்டி சந்துக்கு, அதான் சிந்தி புது வருஷத்துக்கு, நான் போயிருந்தேன். அந்த பொண்ணு பாட்டிய பக்கத்துல உக்கார வெச்சு ஒவ்வொரு வரியா சொல்லச் சொல்லி, ஸ்கூல்ல படிச்ச தமிழ் எழுத்துல அந்த சிந்தி பாட்ட எழுதிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் அதைப் பாத்து தான் பாடுச்சு, பாட்டி ஒரு இடத்துல நிறுத்தி உச்சரிப்பு சரி பண்ணாங்க, அது பேனாவ எடுத்து திருத்திக்கிச்சு.

நடுவர் அய்யா, மணி அடிச்சிட்டீங்க, உக்காந்துக்கறேன்.