ஒரே நெகட்டிவ், 1,300 பிரிண்ட்: வாங்கும் முன் தாளைத் திருப்பிப் பாருங்கள்

[திரையில்: ஒரே படத்தின் இரண்டு பிரிண்டுகள். இடதில் வானம் சாம்பல் நிறம், வலதில் கறுப்பு.]

ஃபோட்டோ பிரிண்டுகளை வாங்கிச் சேர்க்க நினைக்கிறீர்களா? முதலில் இந்த இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த படம். அதே நிலவு, அதே கல்லறைச் சிலுவைகள், அதே ஒற்றை நெகட்டிவ். இடது பக்கத்தில் இருப்பது ஆரம்ப காலத்துப் பிரிண்ட். வானத்தில் மேகக் கீற்றுகள் தெரிகின்றன. வலது பக்கத்தில் இருப்பது பல வருடம் கழித்து அச்சிட்டது. வானம் கிட்டத்தட்ட மையிருட்டு.

அன்று ஆடம்ஸுக்கு வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் வெளிச்ச அளவை நினைவிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்தார். அடுத்த ஷாட்டுக்குத் தயாராவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. கீழ்ப்பகுதி மெலிந்திருந்த அந்த நெகட்டிவை 1948-ல் ரசாயனக் கரைசலில் முக்கி அடர்த்தியாக்கினார். பல பத்தாண்டுகளில் 1,300-க்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். 2006-ல் அவற்றில் ஒன்று நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 6,09,600 டாலருக்குப் போனது. அதற்காக எல்லாப் பிரிண்டும் அந்த விலைக்குப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே முதல் கேள்வி, "எந்த வருடம் எடுத்தது?" அல்ல, "எந்த வருடம் அச்சிட்டது?" எடுத்த சில வருடங்களுக்குள் அச்சிட்டதை விண்டேஜ் பிரிண்ட் என்பார்கள், ஐந்து வருடம் என்பது பலர் வைத்திருக்கும் கணக்கு. கலைஞரே பிற்காலத்தில் போட்டது பிற்காலப் பிரிண்ட். அவர் இறந்த பிறகு வேறொருவர் போட்டது மூன்றாவது வகை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டனின் நெகட்டிவிலிருந்து மகன் கோல் வெஸ்டன் அச்சிட்டவை அப்படிப்பட்டவை: அழகானவை, முறையானவை, தந்தை கையால் போட்டதைவிட விலை வெகுவாகக் குறைந்தவை. கையில் அதிகப் பணம் இல்லாமல் தொடங்குகிறவர்களுக்கு இது நல்ல வழி என்றே சொல்வோம்.

[திரையில்: பிரிண்டின் ஓரத்தில் பென்சிலால் "5/25".]

அடுத்தது எடிஷன், அதாவது ஒரு படத்தை இத்தனை பிரதிதான் போடுவோம் என்கிற வரம்பு. 5/25 என்றால் 25-ல் ஐந்தாவது. ஆனால் எதில் 25? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டனின் மெம்ஃபிஸ் மூன்று சக்கர சைக்கிள் படம் முன்பு டை டிரான்ஸ்ஃபர் (சாயங்களைத் தாளுக்கு மாற்றி வண்ணப்படம் அச்சிடும்) முறையில், குறைந்த எண்ணிக்கையில் விற்கப்பட்டிருந்தது. 2012-ல் அதே படத்தைப் பெரிய அளவில் டிஜிட்டல் பிக்மென்ட் (நிறமித் துகள் மை) பிரிண்டாகப் போட்டு ஏலத்துக்கு விட்டார்கள். 5,78,500 டாலருக்குப் போனது. பழைய பிரிண்டை வைத்திருந்த சேகரிப்பாளர் வழக்குப் போட்டார். 2013-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எண்ணிக்கை வரம்பு அந்த அளவுக்கும் அந்த அச்சு முறைக்கும் மட்டும்தான் என்று ஆகிவிடலாம். அதனால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: படத்தின் அளவு, தாளின் அளவு, அச்சு முறை, எடிஷன் எண், கலைஞர் தனக்கென வைத்துக்கொண்ட பிரதிகள் எத்தனை, வேறு அளவுகளில் எடிஷன் உண்டா. புதிய இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் "ஆர்கைவல்" (நெடுநாள் கெடாது) என்ற ஒற்றைச் சொல்லோடு விடாதீர்கள். பிக்மென்ட் மையா, தாள் எது என்று கேளுங்கள். "ஹானமூலே ஃபோட்டோ ரேக், 308 கிராம்" என்று தாளின் பெயரும் சதுர மீட்டருக்கான எடையும் சொல்கிற அளவுக்குப் பதில் வர வேண்டும்.

[திரையில்: இருட்டறை. யூவி டார்ச் ஒளியில் ஒரு தாள் நீலமாக ஒளிர்கிறது.]

இப்போது தாளைத் திருப்புங்கள். முத்திரை, கையெழுத்து, பழைய லேபிள் எல்லாம் பின்னால்தான் இருக்கும். 365 நானோமீட்டர் யூவி (புற ஊதா) டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் தாளின் பின்பக்கத்திலும் ஓரத்திலும் அடித்து, பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் பேப்பரை ஒப்பிட வையுங்கள். பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது ஃபோட்டோ தாள்களில் சேரத் தொடங்கியது 1950-களில். குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் இறந்தது 1940-ல். அவர் கையெழுத்தோடு விண்டேஜ் என்று விற்கப்பட்ட சில பிரிண்டுகள் இப்படித்தான் மாட்டின. ஒளிரவில்லை என்றால் மட்டும் பழையது என்று முடிவு கட்டக் கூடாது. பிற்காலத் தாள்களிலும் ஒளிராதவை உண்டு.

பிறகு பிரிண்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். சில்வர் ஜெலட்டின் பிரிண்டில், அதாவது ஜெலட்டின் படலத்தில் வெள்ளித் துகள்களால் உருவான கறுப்பு வெள்ளைப் பிரிண்டில், ஓரத்துக் கறுப்புகளின் மேல் மட்டும் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரியலாம். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். காற்றும் ஈரமும் பட்டு வெள்ளி கரைந்து, மேற்பரப்புக்கு வந்து மறுபடி படிந்ததால் வருவது அது. லேசாக இருந்தால் பயப்பட வேண்டாம், வயதின் அடையாளம். மஞ்சள் பழுப்புத் திட்டுகள்தான் கவலை: பெரும்பாலும் படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போவைச் சரியாக அலசாததன் விளைவு, நாள்பட வளரும்.

[திரையில்: கண்ணாடியோடு ஒட்டிப்போன பிரிண்டின் மூலை, மிக அருகில்.]

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் பிரிண்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஃப்ரேம்தான். கண்ணாடி நேரடியாகப் படத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ஈரத்தில் ஜெலட்டின் இளகி, கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிரிக்க இழுத்தால் படமே உரிந்து வரும். இழுக்காதீர்கள், அப்படியே பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டு போங்கள். வராமல் தடுக்க, அமிலமில்லாத போர்டில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே வைக்கும் அட்டை) போடச் சொல்லுங்கள். நான்கு அடுக்கு போர்டு சுமார் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி தரும். பெரிய பிரிண்ட் நெளியும் என்பதால் எட்டு அடுக்கு வேண்டும். பசை, டபுள் டேப், லேமினேஷன் எதுவும் கூடாது. நான்கு மூலைக்கும் பிரிண்டைப் பிடித்துக்கொள்ளும் பாலியஸ்டர் கார்னர் போதும். எடுத்து வைப்பதற்கு பிவிசி உறை வேண்டவே வேண்டாம். நம் ஈரத்துக்கு அமிலமில்லாத காகித உறைதான் நல்லது. காட்டன் தாளில் போட்ட மேட் (பளபளப்பில்லாத) பிரிண்டின் கறுப்பில் விரல் பட்டாலே கோடு விழும், ஓரத்தை மட்டும் இரு கையால் பிடியுங்கள்.

மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மழையில் ஊறும் வெளிச்சுவர் வேண்டாம். ஃப்ரேமின் கீழ் மூலைகளில் ரப்பர் பொத்தான் ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். வண்ணப் பிரிண்டுகளை 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவு மங்கலான வெளிச்சத்தில், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாட்டுங்கள். ஒரு சுவரில் ஐந்து படம் போதும். அந்த ஐந்தும் ஒரே ஊரையோ ஒரே காலத்தையோ ஒரே அச்சு முறையையோ பேசினால், தனியாகப் பார்க்கையில் கண்ணில் படாதது பக்கத்துப் படத்தால் தெரிய வரும்.

கடைசியாக ஒரு நோட்டு. எடுத்த வருடம், அச்சிட்ட வருடம், முறை, அளவு, எடிஷன், யாரிடம் வாங்கியது, விலை, வாங்கிய அன்று இருந்த கறைகள். ஃப்ரேம்காரர் பின்பக்க அட்டையை வைத்து டேப் ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி, பிரிண்டின் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு அதைத் திறந்து பார்க்கப் பத்து வருடம் ஆகலாம்.