சாவுக் கணக்கில் விட்டுப்போனவர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில், சாவைப் பற்றிப் பேசச் சொல்லி ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அமைப்பாளர்களின் துணிச்சலுக்கு முதலில் நன்றி. எழுந்து போக நினைப்பவர்கள் இப்போதே போய்விடலாம், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரே நாட்டின் ஒரே விஷயத்தைப் பற்றிய இரண்டு எண்களைச் சொல்லித் தொடங்குகிறேன். 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் 81 லட்சத்துச் சொச்சம் இறப்புகள் பதிவாயின. நடந்த சாவுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நூறும் பதிவாகிவிட்டன என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். அதே காலத்தில், 2019 முதல் 2021 வரை, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள். "கடந்த மூன்று வருஷத்தில் உங்கள் வீட்டில் யாராவது தவறினார்களா? அதைப் பதிவு செய்தீர்களா?" என்று கேட்டார்கள். பதிவு செய்ததாகச் சொல்லப்பட்ட சாவுகள் நூற்றுக்குச் சுமார் 71.

நூறா, எழுபத்தொன்றா? இரண்டையும் வெளியிட்டது அரசுதான். யாரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

பதிவான சாவு எத்தனை என்பதை எண்ணிவிடலாம். அது வகுபடும் எண், மேலே இருப்பது. கீழே வரவேண்டியது மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது. எல்லாச் சாவும் பதிவாகியிருந்தால்தான் அது நேரடியாகத் தெரியும். பதிவாகவில்லை என்பதுதான் நம் சிக்கலே. ஆகவே கீழே உள்ள எண் எப்போதும் ஒரு மதிப்பீடுதான். மாதிரிப் பதிவு முறை என்று ஒன்று 1969-70 முதல் நாடு முழுக்க நடக்கிறது. தேர்ந்தெடுத்த சில ஆயிரம் இடங்களில் பிறப்பையும் இறப்பையும் கவனமாக எண்ணி, ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு இத்தனை சாவு என்று ஒரு விகிதம் சொல்வார்கள். 2019-க்கு 6.0 என்றார்கள். கொரோனா வந்த 2020-க்கும் அதே 6.0 என்றார்கள். அந்த விகிதத்தை மக்கள்தொகையால் பெருக்கினால் கீழ் எண் வந்துவிடும். மக்கள்தொகை எங்கிருந்து? 2011 கணக்கெடுப்பை வைத்து முன்தள்ளிப் போட்டது. மேலே இருப்பது மட்டும்தான் எண்ணியது. கீழே இருப்பது மதிப்பீட்டை இன்னொரு மதிப்பீட்டால் பெருக்கியது. கீழ் எண் கொஞ்சம் சுருங்கினாலும் விழுக்காடு தானாக ஏறிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாவு நடந்த இடத்தில்தான் பதிவாகும், சொந்த ஊரில் அல்ல. கொல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வேலூர் வந்து இறந்தவர் வேலூர்க் கணக்கில் சேர்வார். சண்டிகர் மருத்துவமனைக்குப் பஞ்சாபிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் வருகிறார்கள். அதனால்தான் சில மாநிலங்களின் பதிவு நூறு விழுக்காட்டைத் தாண்டிப் போகிறது. தமிழ்நாடும் தாண்டியிருக்கிறது. கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் வெளியூர்க்காரர் சாவு உள்ளூர்க்காரர் விடுபட்டதை மறைத்துவிடுகிறது என்பதைப் பெருமைக்காரர்கள் யோசிப்பதில்லை.

சரி, விட்டுப்போன சாவை எப்படி எண்ணுவது? இதற்கு உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிற ஒரு வழி நம் நாட்டில்தான் பிறந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை.

1943-ல் வங்காளத்தில் பஞ்சம். எத்தனை பேர் செத்தார்கள் என்று விசாரித்த ஆணையம் 15 லட்சம் என்றது. பிற்பாடு ஆராய்ந்தவர்கள் 30 லட்சம் வரை போனார்கள். கணக்கில் இத்தனை பெரிய ஓட்டை எப்படி விழுந்தது? கிராமங்களில் சாவைக் குறித்து வந்தவர் சௌக்கிதார் என்ற காவல்காரர். பஞ்சத்தில் அவரும் பட்டினி. சாவு மிகுந்த நேரத்தில்தான் சாவைக் குறிக்க ஆள் இல்லாமல் போகும். இது வங்காளத்துக்கு மட்டும் உரிய கதை இல்லை.

பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளில், கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் என்ற ஊரில் ஒரு சுகாதார நிலையப் பகுதியை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சந்திரசேகர் என்ற நம் நாட்டுப் புள்ளியியலாளரும், டெமிங் என்ற அமெரிக்கரும் சேர்ந்து 1949-ல் அதை வெளியிட்டார்கள். யோசனை இதுதான். பதிவாளரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இன்னொருவர் வீடு வீடாகப் போய் இன்னொரு பட்டியல் தயாரிக்கட்டும். அப்புறம் இரண்டையும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்குப் போடலாம். நான் கற்பனையாகச் சொல்கிற எண்கள். பதிவேட்டில் 80 சாவு. வீடு வீடாகப் போனவர் பட்டியலில் 90. இரண்டிலும் இருப்பவர்கள் 72. போனவர் கண்டுபிடித்த 90 பேரில் 72 பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்றால், பதிவேடு நூற்றுக்கு 80-ஐத்தான் பிடிக்கிறது. ஆக மொத்தச் சாவு 100. இரண்டு பட்டியலையும் சேர்த்தாலும் 98 பேர்தான் வருகிறார்கள். மீதி இரண்டு பேரை யாருமே பார்க்கவில்லை. யாரும் பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடிகிறதே, அதுதான் இந்தக் கணக்கின் அழகு. மாதிரிப் பதிவு முறையிலும் இதே போல ஒருவர் ஆண்டு முழுக்கக் குறித்து வருவார், இன்னொருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாக வந்து எண்ணுவார். இரண்டிலும் பொருந்தாதவற்றைக் களத்தில் போய்ச் சரிபார்ப்பார்கள்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டு பேரும் தனித்தனிக் காரணங்களால் தவறவிட வேண்டும். ஊருக்கு வெளியே தனியாக ஒரு குடிசை, அதில் பிள்ளைகள் இல்லாத ஒரு கிழவி. பதிவாளருக்கு அந்த வீடு தெரியாது. கணக்கெடுப்பவரும் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், ஏனென்றால் அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆளையே தவறவிட்டால் சூத்திரம் குறைத்துத்தான் சொல்லும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதோடு நிற்காது. யார் விட்டுப்போனார்கள்?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. செத்தவருக்குச் சான்றிதழ் தேவையில்லை. இருப்பவருக்குத்தான் தேவை. பட்டா மாற்ற, வாரிசுச் சான்றிதழ் வாங்க, எல்.ஐ.சி. பணம் எடுக்க, குடும்ப ஓய்வூதியம் கேட்க, வங்கிக் கணக்கை மாற்ற. எந்தச் சாவோடு சொத்தும் பணமும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அது பதிவாகும். எதுவும் ஒட்டாத சாவு நழுவிவிடும். இந்த நாட்டின் பதிவேட்டில் எத்தனை ஓட்டை, எங்கெங்கே ஓட்டை என்பதை இந்த ஒன்றை வைத்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

2020-ல் பதிவான சாவுகளில் ஆண்கள் சுமார் 60 விழுக்காடு, பெண்கள் 40. ஆண்கள் கொஞ்சம் அதிகமாகச் சாகிறார்கள் என்பது உண்மைதான். குடி, சாலை விபத்து, மாரடைப்பு எல்லாம் இருக்கிறது. ஆனால் மாதிரிப் பதிவின் விகிதங்களை வைத்துப் பார்த்தால் பெண்களின் பங்கு நாற்பதைத் தாண்டியே வர வேண்டும். வீடும் நிலமும் ஆண் பெயரில். கணவன் போனால் விதவை உதவித்தொகைக்காவது சான்றிதழ் வேண்டும். மனைவி போனால்? அவள் பெயரில் என்ன இருந்தது, எதை மாற்ற அலைவது?

குழந்தைகள் கணக்கு இதைவிட மோசம். 2020-ல் பதிவான பிறப்புகள் சுமார் 2 கோடியே 42 லட்சம். அந்த ஆண்டின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 28. பெருக்கிப் பாருங்கள், ஒரு வயது நிறையாமல் இறந்தவர்கள் ஆறேமுக்கால் லட்சம் வரும். பதிவானது? சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம். ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். அதிலும் நான்கில் மூன்று பங்கு நகர்ப்புறத்தில் பதிவானவை. கிராமத்தில் குழந்தைகள் சாவதில்லை என்றா பொருள்? நகரத்தில் மருத்துவமனை தானே பதிந்துவிடுகிறது. வீட்டில் போன பச்சைக் குழந்தைக்குப் பாடை கிடையாது, மேளம் கிடையாது, பல இடங்களில் பதினாறும் கிடையாது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்தத் தாயிடம் போய் ஏன் வி.ஏ.ஓ.விடம் பதியவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்க வேண்டியது அவளை அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1969-ஆம் ஆண்டுச் சட்டம். 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நம் ஊரில் பதினாறாம் நாள் காரியம் முடிகிறது, மீதி ஐந்து நாள். தாண்டினால் தாமதக் கட்டணம், அதையும் தாண்டினால் எழுத்துப்பூர்வ அனுமதி, ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை நடை. தேவை இருப்பவர் நடப்பார். தேவை இல்லாதவர் ஏன் நடக்கிறார்?

தேவை வந்தால் கணக்கு எப்படி மாறும் என்பதைக் கொரோனா காட்டியது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2021-ல், கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று முடிவானது. குஜராத் அரசின் கணக்கில் அதுவரை சுமார் 10 ஆயிரம் கொரோனா சாவுகள். அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட இழப்பீட்டு மனுக்கள் மட்டும் அடுத்த ஜனவரிக்குள் 60 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பரிசோதனைக்குப் பிறகு 30 நாளுக்குள் இறந்தால் போதும் என்று இழப்பீட்டுக்கான வரையறை தாராளமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியே கழித்தாலும் மீதி சின்ன வித்தியாசம் இல்லை.

நம் பக்கமும் நடந்தது. 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஒரே நாளில் 444 பழைய சாவுகளைக் கொரோனா கணக்கில் சேர்த்தது, பெரும்பாலும் சென்னை. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் அரசின் தினசரி அறிக்கைக்கும் பொருந்தவில்லை என்று பேச்சு எழுந்து, குழு போட்டுப் பார்த்ததில் வெளிவந்தது. சிங்கூரில் செய்த அதே வேலை, இரண்டு பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்த்து வெளியே சொன்னார்களே, அது பெரிய விஷயம்.

டெல்லி அப்படிச் செய்யவில்லை. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், இரண்டு கொரோனா ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்றது. அரசு மறுத்தது. எங்கள் பதிவேடே உறுதியாக இருக்கிறது, கணித மாடல் வைத்து மதிப்பிடுவது எதற்கு என்று கேட்டது. நியாயமான கேள்விதான். அந்த வாரத்தில்தான் 2020-க்கான இறப்புப் பதிவு அறிக்கையும் வந்தது. ஆனால் இரண்டாம் அலை அடித்த 2021-இன் அறிக்கை எப்போது வந்தது தெரியுமா? 2025 மே. அதில் பதிவான சாவு 1 கோடியே 2 லட்சம், முந்தைய ஆண்டைவிட 21 லட்சம் கூடுதல். பதிவேட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அதை மூன்று வருஷம் பூட்டி வைத்திருக்க வேண்டாம்.

கடலில் போனவர் கதை வேறு. உடல் கிடைக்காவிட்டால் ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால்தான் சட்டம் இறந்ததாக அனுமானிக்கும். 2017 ஓகி புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் திரும்பாதபோது அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது. அங்கே குடும்பங்கள் போராடின, ஊர் கூட நின்றது. ஊர் நின்றால் பதிவேடும் வழிக்கு வருகிறது.

சாவு பதிவானாலும் எதனால் என்பது பதிவாவதில்லை. 2020-இல் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்த சாவுகள், பதிவானவற்றில் 22.5 விழுக்காடுதான். இதற்கும் வழி, வீட்டுக்குப் போய்க் கேட்பதுதான். தொண்ணூறுகளில் சென்னையிலும் விழுப்புரத்திலும் 43 ஆயிரம் ஆண்களின் சாவை இப்படி வீடு வீடாக விசாரித்த ஆய்வை மருத்துவர் கஜலட்சுமி நடத்தினார். ஆண்களின் காசநோய்ச் சாவில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று 2003-ல் அது சொன்னது. பாம்புக்கடியும் அப்படியே. அரசு மருத்துவமனைக் கணக்கில் வருஷத்துக்கு ஓரிரு ஆயிரம். வீட்டில் போய்க் கேட்டபோது 46 ஆயிரம் என்று வந்தது. கடிபட்டவர் மருத்துவமனைக்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு யோசனை உண்டு, செலவில்லாதது. நம் ஊராட்சிகளில் வருஷத்தில் பல தடவை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு தடவை வி.ஏ.ஓ. தன் பதிவேட்டிலிருந்து அந்த ஆண்டு இறந்தவர்கள் பெயரைப் படிக்கட்டும். காரணம் வேண்டாம், பெயரும் தெருவும் போதும். அதற்கு முன்பே கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தங்களுக்குத் தெரிந்த சாவுகளைத் தனியாக எழுதி வைத்திருக்கட்டும், அவரைக் கேட்காமல். குழந்தைச் சாவுகளை மட்டும் சபையில் படிக்காமல் தனியாக ஒப்பிடலாம். படித்து முடித்ததும் கூட்டத்தில் ஒரு கிழவி எழுந்து "எங்க தெரு ராசாத்திய விட்டுட்டீங்களே" என்பாள். அவளைப் பேசவிட வேண்டும். குடியிருப்பு வாரியாக, ஆண் பெண் வாரியாக எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்று எழுதிக்கொண்டால், அடுத்த வருஷம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நேரம் தாண்டிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள், இருக்கிறேன்.