துக்லா கணவாயைத் தாண்டிய பிறகு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'வொலீனியாச் செக் வீரரைப் பெரிதும் சோதித்தது போர்க்களமா, போருக்குப் பின் வந்த குடியேற்றமா?' என்பது தலைப்பு. வொலீனியாச் செக் என்றால் உக்ரைன் பக்கம் போய் வாழ்ந்த செக் மக்கள்; போர் இரண்டாம் உலகப் போர்; குடியேற்றம், அதன் பிறகு அவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் திரும்பிக் குடியேறியது. குடியேற்றமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர், போலந்துக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடுவே மலையில் இருக்கும் துக்லா கணவாயைப் பற்றிப் பேசியபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஐந்தே நாளில் கடந்துவிடலாம் என்று 1944 செப்டம்பர் 8-இல் தொடங்கிய தாக்குதல் அது. செக்கோஸ்லோவாக்கிய எல்லையை மிதிக்க அக்டோபர் 6 ஆகிவிட்டது. அந்த மலையில் விழுந்தவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தோழரே, அவர்கள் எதற்காகப் போனார்கள்?

1860-களின் கடைசியிலிருந்து, நிலம் தேடி, செக் மக்களின் தாயகமான பொஹீமியாவை விட்டு ரஷ்யப் பேரரசின் வொலீனியாவுக்கு, அதாவது இன்றைய வடமேற்கு உக்ரைனுக்கு, போன குடும்பங்களின் வாரிசுகள் அவர்கள். 1943 ஜூலை 13 அன்று அங்கே செஸ்கி மாலின் கிராமத்தை நாஜிகள் மக்களோடு கொளுத்தினார்கள். மறு ஆண்டு செம்படை வந்ததும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சோவியத் மண்ணில் திரண்ட செக்கோஸ்லோவாக்கியப் படையில் சேர்ந்தார்கள். பெண்களும் சேர்ந்தார்கள். எதிரி எதிரே நின்றான், பக்கத்தில் சொந்த ஊர்க்காரன் இருந்தான்.

சரி, போர் முடிந்தது. பொஹீமியாவின் வடமேற்கில் இருக்கும் ஜாடெட்ஸ் பகுதியில் வீடும் நிலமும் கொடுத்தார்களே, அதுவா சோதனை என்கிறார் தோழர். யாருடைய வீடு ஐயா அது? அங்கே வாழ்ந்து, போருக்குப் பின் வெளியேற்றப்பட்ட ஜெர்மானியர்களின் வீடு. சில வீடுகளில் அந்தக் குடும்பம் இன்னும் கிளம்பக்கூட இல்லை. ஒரே அடுப்படியில் இரண்டு குடும்பம். ஒரு ஜெர்மானியத் தாய் தன் பாத்திரங்களைத் துடைத்து வைத்துவிட்டுப் போவதை, ஊர் எரிந்ததைப் பார்த்த மனிதர் வாசலில் நின்று பார்க்க வேண்டும். எந்தப் படைப்பயிற்சி அதற்குத் தயார் செய்யும்?

அவருடைய மனைவி மக்களோ இன்னும் வொலீனியாவில். 1946 ஜூலையில்தான் சோவியத்தோடு ஒப்பந்தம் ஆனது. 1947-இல்தான் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ரயில் ரயிலாக வந்து சேர்ந்தார்கள். வெற்றிலைக் கொடிபோல் ஏறும் ஹாப்ஸ், பீருக்குக் கசப்பு தருவது, ஜாடெட்ஸின் பெயர்பெற்ற பயிர். வொலீனியாவிலும் இவர்கள் அதைத்தான் வளர்த்தார்கள். கை பழகிய வேலை, மனம் ஊன்றத் தொடங்கியது. அப்புறம் 1949-இல், விவசாயிகளின் நிலத்தையும் மாட்டையும் ஒன்றாகச் சேர்க்கும் கூட்டுப்பண்ணைச் சட்டம் வந்தது.

மற்ற செக் விவசாயிக்குக் கூட்டுப்பண்ணை கேள்விப்பட்ட விஷயம். இவர் 1939-க்குப் பின் சோவியத் ஆட்சியில் அதைப் பார்த்தவர். எதைத் தாண்டி வந்தாரோ, அது முன்னால் வந்து நிற்கிறது. துக்லாவில் துப்பாக்கி ஏந்திய கையால் தன் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் பொதுத் தொழுவத்தில் கட்டவேண்டும். துக்லாவில் திருப்பிச் சுட முடிந்தது, நடுவர் அவர்களே. அந்தத் தொழுவத்து வாசலில் அவர் யாரைச் சுடுவார்?