எல்லைத் தொகுதியில் வெல்வது எது? "வாழ்க்கைக் கதையே!" அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சாப்பாடு முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் பெருமக்களே, வணக்கம். பொங்கல் வாழ்த்துகள். எனக்குத் தந்தது ஆறு நிமிடம். வணக்கம் இத்துடன் போதும்.

"எல்லைத் தொகுதியில் குடியேறியவரை வெல்ல வைப்பது வாழ்க்கைக் கதையா, வாக்குக் கணக்கா?" இதுதான் தலைப்பு. எல்லை என்றால் அமெரிக்கா-மெக்சிகோ எல்லை. நான் கட்சி பேச வரவில்லை. இந்த மண்டபத்தில் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறீர்கள், இந்தக் கட்சிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறீர்கள். எந்தக் கட்சிக்கும் போட முடியாமல் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள்தாம் அதிகம். எனக்குக் கைதட்டல் வர வேண்டியதும் அவர்களிடமிருந்துதான்.

எதிரணியின் முதல் பேச்சாளர் கால்குலேட்டரோடு வந்து, அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினர் மைரா ஃப்ளோரஸின் கதையைப் பிரித்து மேய்ந்துவிட்டுப் போனார். நம் டெக்சாஸின் 34ஆம் தொகுதி, பிரவுன்ஸ்வில், ரியோ கிராண்டே ஆற்றங்கரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் தமாலிபாஸ் மாநிலம். அங்கே புர்கோஸ் என்ற ஊரில் 1986-இல் பிறந்தவர் மைரா. ஆறு வயதில் இங்கே வந்தார். பதின்ம வயதில் பெற்றோரோடு பருத்தி எடுத்தார். பிறகு மருத்துவமனையில் மூச்சுத்திணறும் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் வேலை. கொரோனா காலத்தில் அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணவர் யார் தெரியுமா? எல்லைக் காவல் படைக்காரர்! எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பெண், எல்லையைக் காக்கும் மாப்பிள்ளை. அந்த வீட்டில் யார் யாருக்குக் காவல் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அந்த ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இது அதிசயமே இல்லை. நிலையான சம்பளம் தரும் வேலை குறைந்த ஊர்களில், மெக்சிகோ வழி வந்த குடும்பத்துப் பிள்ளைகளே சீருடை போட்டுக்கொண்டு எல்லையில் நிற்கிறார்கள்.

2022 ஜூன் மாதம் இடைத்தேர்தல். 2012-இல் அந்தத் தொகுதி உருவான நாளிலிருந்து ஜனநாயகக் கட்சி விட்டுக்கொடுக்காத இடம். குடியரசுக் கட்சியில் நின்ற மைரா ஜெயித்தார். மெக்சிகோவில் பிறந்து காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், நுழைந்த முதல் பெண்! எதிரணி என்ன சொல்கிறது? "ஓட்டுப் போட்டதே சுமார் 29,000 பேர். வித்தியாசம் 2,000 சொச்சம். நவம்பர் பொதுத்தேர்தலில் கூட்டம் வந்தது, ஜனநாயகக் கட்சியின் விசென்டே கான்சலஸிடம் தோற்றார். ஆகவே கணக்கே!" அதோடு உட்கார்ந்துவிட்டார். ஐயா, அந்த ஐந்து மாதத்தில் நாடே பார்த்தது எதை? உங்கள் 29,000-த்தையா? முழங்கையை ஐயா, முழங்கையை!

மைரா பதவியேற்கிறார். அன்றைய அவைத்தலைவர் நான்சி பெலோசியோடு புகைப்படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் மைராவின் பெண் குழந்தைகள். எல்லாரும் புன்னகைக்கிறார்கள். அந்த நேரத்தில் பெலோசியின் முழங்கை பக்கத்தில் நின்ற சிறுமி மேல் படுகிறது. அவ்வளவுதான் சம்பவம். ஒரு நொடி.

பின்வரிசையில் கேட்கவில்லை என்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன்.

குடியரசுக் கட்சிக்காரர் சொன்னால்: "பச்சைக் குழந்தையை இடித்துத் தள்ளினார்!" ஜனநாயகக் கட்சிக்காரர் சொன்னால்: "குழந்தை படத்தில் மறைந்துவிடக் கூடாதே என்று பாசத்தோடு நகர்த்தினார்!" பெலோசி தரப்பு அப்படித்தான் விளக்கம் தந்தது. மைராவோ, படத்துக்காக எந்தக் குழந்தையையும் ஓரம் தள்ளக் கூடாது என்று ட்விட்டரில் கொதித்தார். இதையே நம் கல்யாண மண்டபத்தில் ஓர் அத்தை பார்த்திருந்தால்? "குரூப் போட்டோவில் என் பெண்ணை இடித்தவள்" என்று பேரன் கல்யாணம் வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது! மைரா எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று இங்கே ஒருவர் சொல்லுங்கள், என் மாலையைக் கழற்றித் தருகிறேன். முழங்கை மட்டும் எல்லாருக்கும் தெரியும். இதுதான் கதையின் பலம்!

அடுத்து வந்தார் எதிரணிச் சகோதரி. அவர் வீசியதுதான் அம்பு. "2024-இல் சமூக வலைத்தளத்தில் தம் வீட்டுச் சாப்பாடு போல மைரா போட்ட படங்கள் வேறு யாரோ எடுத்தவை என்று அம்பலமானது. படம் இரவல் என்றால் கதையும் இரவல்தானே?" நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கைதட்டியவர்களை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இன்று காலை வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய பொங்கல் பானை யார் வீட்டு அடுப்பில் பொங்கியது?

என் அத்தை மகன், அலுவலக நண்பர், மேல்மாடிக்காரர் எல்லாரும் எனக்கு அனுப்பியது ஒரே மண்பானை! அதே கோலம், அதே இரண்டு கரும்பு. இவர்கள் வீட்டில் மண் அடுப்பா இருக்கிறது? கடுகு தாளித்தாலே புகை அலாரம் அலறுகிறது. ஒருவர் கரண்டியோடு நிற்க, இன்னொருவர் நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிறுகிறார்! பொங்கியது குக்கரில், அனுப்பியது மண்பானை. இது மோசடியா? எதிரணிச் சகோதரியே, நீங்கள் எனக்கு அனுப்பிய படமும் என் கைப்பேசியில் இருக்கிறது. நடுவரிடம் காட்டட்டுமா? வேண்டாம், பண்டிகை நாள்.

படம் இரவலாக இருக்கலாம். நாக்கு இரவலா? ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஊர்ச் சாப்பாட்டின் படம்...

நடுவர் மணியில் கை வைக்கிறார். தலைப்புக்கு வா என்கிறார். வந்துவிட்டேன். 2022 நவம்பரில் மைரா எட்டு விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கினார். 2024-இல் அது மூன்று விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. "அந்த முறை அதே தொகுதியில் டிரம்ப் முன்னணி வகித்தாரே, மைரா மட்டும் ஏன் தோற்றார்?" என்று கால்குலேட்டர் ஐயா கேட்பார். நல்ல கேள்வி. பதிலும் கைவசம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. நம் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் காங்கிரஸில்தான் இருக்கிறார், ஆனால் அவர் தொகுதியான சியாட்டில் அவருடைய ஜனநாயகக் கட்சியின் கோட்டை. பிரவுன்ஸ்வில் அப்படியா?

கணக்கை விடுங்கள் ஐயா. ஆறு வயதில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்த பெண், 30 ஆண்டு கழித்து நாடாளுமன்றத்தில் வலது கையை உயர்த்துகிறார். பருத்தி எடுத்த கை! வெற்றி, தோல்வி எல்லாம் அப்புறம். அந்தக் கையைப் பார்த்த தாய் தகப்பனுக்கு எந்த எண்ணில் கணக்குப் போடுவீர்கள்? இந்த அரங்கிலும் ஒரு பிள்ளை இருக்கிறாள். சுற்றுலா விசாவில் வந்த பாட்டியை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய், பாட்டியின் முழங்கால் வலியைக் கடைக்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்கிறாள். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்கிறாள். பாட்டி கேட்காத கேள்வியையும் அவளே சேர்த்துக் கேட்கிறாள். ஒருவருக்காக இன்னொரு இடத்தில் நின்று பேசுவது அவளுக்கு எட்டு வயதிலேயே பழகிவிட்டது.

அவள் நாளை எந்தக் கட்சியில் நின்றாலும் என் ஓட்டு அவளுக்குத்தான். அதற்குள் எனக்குக் குடியுரிமை கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.